நேர்க்குத்தில் தொடங்கும் ஜீத் குன் டோ

கொஞ்சம் பாக்ஸிங், கொஞ்சம் முவே தாய், கொஞ்சம் ஜூஜிட்சு என்று பிடித்ததையெல்லாம் கலந்துகொண்டால் அதுதான் ஜீத் குன் டோ என்று பலர் நம்புகிறார்கள். 'எனக்கென்று ஒரு ஸ்டைல்' என்ற பேச்சும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஜீத் குன் டோ என்ற சண்டைக் கலையை உருவாக்கிய புரூஸ் லீ போன திசை வேறு. அவர் கற்றதைக் குவிக்கவில்லை, கழித்தார். கழித்த பிறகு கையில் மிஞ்சியது மிகச் சில அடிகள், அவற்றைக் கொண்டு சேர்க்கும் கால் வேலை, எதிராளி கிளம்பும் நொடியிலேயே குறுக்கே புகுந்து அடிக்கும் பழக்கம். இந்தச் சிறிய அடித்தளத்தை வருடக்கணக்கில் உழைத்துக் கட்டாதவருக்குச் சொந்த பாணி என்று ஒன்று உருவாகாது என்பதே என் உறுதியான கருத்து. அந்த அடித்தளத்தை எப்படிப் பயிற்சி செய்வது, எங்கே பிழை வரும், ஏன் வரும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி உருவானது என்று சுருக்கமாக. 1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லீ, இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் கற்றார். விங் சுன் கைக்குக் கை தொடும் நெருக்கத்தில் போடும் சண்டை. கிட்டப்பார்வைக் குறை இருந்த லீக்கு அந்த நெருக்கம் பொருத்தமாக இருந்தது. 1959-ல் அமெரிக்கா போய் சியாட்டிலில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1964-ன் இறுதியில் ஓக்லண்டில் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரருடன் ஒரு மோதல் நடந்தது. அதில் என்ன நடந்தது என்பதில் இரு தரப்புக் கதைகளும் ஒத்துப்போவதில்லை. லீ தரப்பின்படி வென்றவர் லீ. ஆனால் பின்வாங்கி ஓடும் ஆளைத் துரத்திப் பிடிக்கத் தன் விங் சுன் போதவில்லை, மூச்சும் வாங்கிவிட்டது என்ற அதிருப்தி அவருக்கு மிஞ்சியது. தூரத்தைக் கடப்பது எப்படி என்ற கேள்வி அங்கே பிறந்தது. அதற்கான விடையை அவர் குங்ஃபூவுக்கு வெளியே தேடினார்: மேற்கத்திய வாள்வீச்சிலும் குத்துச்சண்டையிலும். அவருடைய அண்ணன் பீட்டர் லீ வாள்வீச்சு வீரர். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற இத்தாலிய வாள்வீரர் ஆல்டோ நாடி, வேல்ஸ் குத்துச்சண்டை வீரர் ஜிம் டிரிஸ்கல், ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சி ஆகியோர் எழுதியவற்றை லீ கோடு போட்டுப் படித்தார். 1967-ல் 'ஜீத் குன் டோ', அதாவது இடைமறிக்கும் முட்டியின் (மடக்கிய கையின்) வழி என்ற பெயர் வந்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் சைனாடவுனில் பள்ளி தொடங்கியது. டேன் இனோசாந்தோ அங்கே அவருக்குத் துணை ஆசிரியர்.

இந்தப் பின்னணி தெரிந்தால், வலக்கைக்காரர் ஏன் வலக்காலை முன்னால் வைத்து நிற்கிறார் என்பது புரியும். வாள்வீச்சில் வாள் பிடித்த கைதான் முன்னால் நிற்கும். எதிராளிக்கு மிக அருகில் இருக்கும் ஆயுதம் உங்களிடம் இருப்பதிலேயே வேகமானதாகவும் நுட்பமானதாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பாக்ஸிங் கோச்சுகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பலமான கையைப் பின்னால் வைத்தால்தான் கிராஸ் (பின் கையால் போடும் நேரான குத்து) கனமாக விழும் என்பார்கள், அதுவும் உண்மைதான். லீட் கையை, அதாவது முன் கையை, வலுவாக்கும்போது பின் கையின் நாக்-அவுட் பலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறோம். அந்த விலை தெரிந்தே கொடுக்க வேண்டும். குத்துச்சண்டையிலேயே இயல்பில் இடக்கைக்காரரான ஆஸ்கர் டி லா ஹோயா இடக்கையை முன்னால் வைத்து ஆடினார். இயல்பில் வலக்கைக்காரரான உக்ரைன் வீரர் லோமசென்கோ வலக்கையை முன்னால் வைத்து ஆடினார். ஆக இது கிறுக்குத்தனமான யோசனை அல்ல.

நிற்கும் முறையைப் பார்ப்போம். தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன் காலின் விரல் நுனியும் பின் பாதத்தின் வளைவும் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். முன் பாதம் 25 முதல் 30 டிகிரி உள்பக்கம் திரும்பியிருக்கும், பின் பாதம் சுமார் 45 டிகிரி. பாதங்களுக்கு இடையே தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி. இரண்டு முழங்கால்களும் லேசாக மடங்கி, பின் குதிகால் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். லீட் கை தோளுக்குச் சற்றுக் கீழே, முழங்கை விலாவுக்கு முன்னால். பின் கை தாடையோரம். முன் தோளை ஓரிரு அங்குலம் உயர்த்தி, தாடையை ஓரிரு அங்குலம் தாழ்த்தினால் இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.

இந்த நிலையில் பின் குதிகாலே எஞ்சின். அது தரையில் படிந்துவிட்டால் முன்னால் பாய்வதற்கு முன் ஒரு முறை உயர்த்த வேண்டியிருக்கிறது, அந்த அசைவை எதிராளி பார்த்துவிடுகிறார். களைத்துப்போன மாணவர்களிடம் முதலில் கெடுவதும் இதுதான். மூன்றாவது ரவுண்டில் ஒருவர் திடீரென்று மெதுவாகிவிட்டார் என்றால் கைகளைத் திருத்தாதீர்கள், குதிகாலைப் பாருங்கள்.

நகர்வதற்கு ஒரே விதி: எந்தத் திசையில் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில். முன்னேற முன் கால், பின்வாங்கப் பின் கால், வலப்பக்கம் போக வலக்கால். அடுத்த கால் அதே தூரம் வந்து சேர வேண்டும். முன் கால் ஒரு சாண் போய், பின் கால் அரைச் சாண்தான் வந்தால் நிலை அகன்றுகொண்டே போகும். நாலு அடியில் நகரவே முடியாத நிலைக்கு வந்துவிடுவீர்கள். சிலம்பத்தில் ஆசான்கள் காலடியைத் தனிப் பாடமாகவே வைத்துப் பழக்குவது இதே காரணத்துக்காகத்தான். கையில்லாமல் வெறும் கால் வேலையை மட்டும் 3 நிமிடம், 1 நிமிட ஓய்வு என்று இரண்டு ரவுண்டு செய்துவிட்டே ஒவ்வொரு வகுப்பையும் தொடங்கலாம்.

இனி நேர்க்குத்து. ஜீத் குன் டோவில் இதுவே முதுகெலும்பு, ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம்.

முட்டி செங்குத்தாக, கட்டைவிரல் மேலே பார்க்க இருக்கும். அது இருக்கும் இடத்திலிருந்தே கிளம்பி, மூக்குக்கு நேரான நடுக்கோட்டில் போகும். வரிசை முக்கியம்: முதலில் கை, பிறகு கால். கை அசைந்த மறுகணம் பின் கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, முன் பாதம் காற்றில் முன்னால் போகிறது. முன் பாதம் தரையைத் தொடுவதற்கு இமைக்கும் நேரம் முன்பே முட்டி இலக்கில் பட்டுவிட வேண்டும். பாதம் முதலில் தரையில் இறங்கிவிட்டால் உடல் எடை தரைக்குள் போய்விடும். கைக்குக் கிடைப்பது தோளின் பலம் மட்டும். டெம்ப்சி விளக்கிய 'விழும் அடி'யின் உள்ளடக்கமும் இதேதான்: விழுந்துகொண்டிருக்கும் எடையைத் தரை வாங்குவதற்குள் முட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டதும் கை வந்த கோட்டிலேயே திரும்பி வர வேண்டும். கீழே வளைந்து இறங்கி வந்தால் அந்த இடைவெளியில் எதிராளியின் ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) உங்கள் தாடையைத் தேடி வரும்.

கை முழுவதையும் தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. இறுகிய தசை மெதுவாகத்தான் நீளும். முட்டி வழியெல்லாம் தளர்வாக இருந்து, படும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். அடுத்த பிழை, குத்துவதற்கு முன் கையை ஓர் அங்குலம் பின்னிழுப்பது. செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. தோளை உலுக்குவது, கண்ணை அகலத் திறப்பது, சட்டென்று மூச்சை இழுப்பது எல்லாம் இதே வகை. ஒவ்வொன்றும் குத்து வருவதைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது, முழங்கை வெளியே விரிவது. கராத்தேயிலிருந்து வருபவர்களைவிட ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் அடித்துப் பழகியவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

மணிக்கட்டு பற்றி ஓர் எச்சரிக்கை. விங் சுன் வழியில் செங்குத்து முட்டியின் கீழ் மூன்று கணுக்களால் அடிக்கச் சொல்வார்கள். முழங்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் இருந்தால் அது உறுதியான அமைப்பு. ஆனால் வெறுங்கையால் தலையை அடிக்கும்போது, குறி சற்று நழுவினாலும் மோதலைச் சுண்டுவிரல் கணு மட்டுமே வாங்கும். ஐந்தாவது உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது அப்படித்தான். பயிற்சியில் எப்போதும் ஹேண்ட் ரேப் (கைக்கட்டுத் துணி) சுற்றிக்கொள்ளுங்கள். பையில் அடிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் மட்டும் சிவந்தால் முட்டி சாய்ந்து போகிறது என்று பொருள். வலியோடு தொடராமல் அன்றைக்குப் பையை விட்டுவிட்டுக் கண்ணாடி முன் மெதுவாகச் செய்யுங்கள்.

இந்தக் குத்தைப் பழக மூன்று கருவிகள் போதும். ஒரு A4 தாளை நூலில் கட்டித் தாடை உயரத்தில் தொங்கவிடுங்கள். தாள் எதிர்ப்பே கொடுக்காது. ஆகவே தூரம் தப்பானாலும் கை தாமதமாகத் திரும்பினாலும் உடனே காட்டிவிடும். சரியான குத்தில் தாள் 'பட்' என்று ஒலிக்கும், தள்ளும் குத்தில் ஒலியில்லாமல் பின்னால் பறக்கும். அடுத்தது கனமான பை: ஊடுருவும் பலத்துக்காக. இலக்கின் மேற்பரப்பைப் பார்க்காமல் அதற்குள் சில அங்குலம் ஆழத்தைக் குறிவைக்க வேண்டும். பை ஊஞ்சலாடினால் தள்ளுகிறீர்கள், இடத்திலேயே அதிர்ந்தால் குத்துகிறீர்கள்.

மூன்றாவதான ஃபோகஸ் மிட் (கையில் மாட்டிக் குத்துக்குக் காட்டும் சிறு மெத்தை) மூன்றிலும் சிறந்தது, பிடிப்பவர் சரியாகப் பிடித்தால். பங்காளி, அதாவது பயிற்சித் துணைவர், நீங்கள் ஓரடி வைத்தால்தான் எட்டக்கூடிய தூரத்தில் நின்று மிட்டை மார்பருகே வைக்கிறார். உங்கள் உடலில் எந்த முன்னசைவைக் கண்டாலும் மிட்டைச் சட்டென்று இழுத்துவிடுவது அவர் வேலை. அவர் இழுப்பதற்குள் தொடுவது உங்கள் வேலை. பத்தில் ஏழு முறை தொட முடிந்தால் அரையடி பின்னால் போய்த் திரும்பத் தொடங்குங்கள். தவறவிடும் ஒவ்வொரு முறையும் 'எதைப் பார்த்தாய்?' என்று கேளுங்கள். தோளா, முழங்காலா, கண்ணா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்தால் இந்தப் பயிற்சி வெறும் வியர்வைதான்.

இடைமறிப்பு இதற்குப் பிறகுதான் வரும். மனிதக் கண் ஓர் அசைவைக் கண்டு கை பதில் சொல்லத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகிறது. கையெட்டும் தூரத்தில் கிளம்பும் ஜாபை (முன் கையின் விரைவான குத்தை) பார்த்து இடைமறிக்க எவராலும் ஆகாது. அதனால்தான் தூரம் இங்கே உயிர்நாடி. எதிராளி ஓரடி வைக்காமல் உங்களைத் தொட முடியாத தூரத்தில் நின்றால், அந்த ஓரடி உங்களுக்குச் சமிக்ஞையாகிறது. நீங்கள் பதில் சொல்வது கைக்கு அல்ல, காலுக்கு. பார்வையை மேல் மார்பில் நிறுத்தினால் தோளும் முன் முழங்காலும் ஓரப்பார்வையில் விழும்.

இதைப் படிப்படியாகப் பழகுங்கள். தலைக்கவசம், பல் காப்பு, 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ் கட்டாயம். முதலில் பங்காளி ஒரே வேகத்தில் அடி வைத்து ஜாப் போடுவார். அவர் பாதம் எழும்போதே உங்கள் நேர்க்குத்து அவர் மேல் மார்பில் போய் நிற்க வேண்டும். அடுத்து அவர் நேரத்தை மாற்றுவார்: சில சமயம் உடனே, சில சமயம் பத்து வினாடி காத்திருந்து. மூன்றாம் கட்டத்தில் அவர் ஏமாற்றலாம். பாதி அசைவுக்குப் பாய்ந்தால் நீங்கள் மாட்டினீர்கள். இந்தக் கட்டத்தில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். எல்லா அசைவுக்கும் பாய்கிறார்கள், இல்லையென்றால் எதற்கும் அசையாமல் அடி வாங்குகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, தூரம் குறைந்துவிட்டது. அரையடி பின்னால் போனால் ஏமாற்றுக்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

இருவரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்வது இன்னொரு சிக்கல். வாள்வீச்சுக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். குத்தோடு கூடவே தலையை எதிராளியின் கைக்கு வெளிப்பக்கமாகச் சில அங்குலம் நகர்த்தினால் தீரும். நேர்கோட்டிலேயே பாய்ந்து 'நான்தான் முதலில் அடித்தேன்' என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. இருவர் பல்லும் அசைந்திருக்கும்.

காலால் இடைமறிப்பதும் உண்டு. முன் காலால் எதிராளியின் முழங்காலையோ கணைக்காலையோ நோக்கித் தாழ்வான சைடு கிக். மிக நீளமான ஆயுதம், மிக அருகிலுள்ள இலக்கு என்ற அதே கணக்கு. பயிற்சியில் பங்காளியின் முழங்காலை ஒருபோதும் குறிவைக்காதீர்கள். நின்று எடை தாங்கியிருக்கும் முழங்கால் பக்கவாட்டு உதையில் தசைநார் கிழிந்துபோகும். அதற்குப் பிறகு அவர் ஆடவே முடியாமல் போகலாம். தொடை உயரத்தில் கிக் பேடைப் பிடிக்கச் சொல்லி உதையுங்கள். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) ஷின் கார்டு (கணைக்கால் காப்பு) அணிந்து தொடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாக்குவதற்கு லீ ஐந்து வழிகளை வகுத்தார்: ஒற்றை அடி, தொடர் அடிகள், ஏமாற்றிப் பாதை மாற்றும் அடி, கையை முடக்கி அடிப்பது, தூண்டில் போட்டு வரவழைத்து அடிப்பது. இவற்றில் மூன்றாவது அதிகம் தவறாகச் செய்யப்படுகிறது. வயிற்றுக்குப் போவதுபோல் கையை நீட்டி, அதை முழுதாகத் திரும்ப இழுத்து, பிறகு முகத்துக்குப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது இரண்டு தனி அசைவுகள். சரியான முறையில் போலி அசைவே பாதித் தூரத்தைக் கடந்துவிட்டிருக்கும். எதிராளியின் கை கீழே இறங்கத் தொடங்கியதும் உங்கள் கை அந்தப் பாதி வழியிலிருந்தே மேலே திரும்பும். மிச்சத் தூரம் பாதிதான் என்பதால் நேரமும் பாதிதான்.

நான்காவது பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பாக் சாவ், லாப் சாவ் என்று கைகளைத் தட்டிப் பிடிக்கும் டிராப்பிங் பயிற்சிக்கு வகுப்பில் பாதி நேரத்தைக் கொடுக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, பங்காளி ஒத்துழைத்தால் மின்னல் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் குத்திய கையை உடனே பின்னிழுக்கும் ஒரு சுமாரான பாக்ஸரிடம் பிடிப்பதற்குக் கை கிடைப்பதே அபூர்வம். எதிராளி உங்கள் குத்தைத் தடுத்து அந்தக் கையை ஒரு கணம் அங்கேயே விட்டுவைக்கும்போதுதான் டிராப்பிங் வேலை செய்யும். ஆகவே அதை நேர்க்குத்தின் தொடர்ச்சியாக மட்டும் பழகுங்கள்: குத்து, தடுக்கப்பட்டது, தடுத்த கையை அமுக்கி மீண்டும் குத்து. அதற்குமேல் வேண்டாம்.

தத்துவம் என்று நாம் சொல்வதும் இந்தத் தரையிலிருந்தே முளைக்கிறது. 1970-ல் சரியாக வார்ம்-அப் செய்யாமல் தோளில் பார்பெல் வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சியில் லீயின் கீழ் முதுகு காயப்பட்டது, மாதக்கணக்கில் படுத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் ஆழ்ந்து படித்தவர்களில் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். 1909-ல் அடையாறு கடற்கரையில் தியோசபிகல் சங்கத்தார் கண்டெடுத்து, உலக குருவாக்க வளர்த்த அதே கிருஷ்ணமூர்த்தி. 1929-ல் நெதர்லாந்தின் ஓமெனில், தனக்காக அமைக்கப்பட்ட அமைப்பையே கலைத்து, உண்மைக்கு வகுத்த பாதை கிடையாது என்று அறிவித்தவர். லீயும் 1970-ல் தன் பள்ளிகளை மூடினார். ஜீத் குன் டோ இன்னொரு பிராண்டாக இறுகிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளியில், மரபு முறைகளால் நசுங்கிப்போன மனிதனின் நினைவாக ஒரு சிறிய கல்லறைக் கல்லையே வைத்திருந்தார்.

ஆனால் கிருஷ்ணமூர்த்தியை மேற்கோள் காட்டிவிட்டுக் குதிகாலை மறந்துவிடுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. முறையைத் துறப்பதற்கு முன் லீயின் உடலில் விங் சுன்னும் பல்லாயிரம் நேர்க்குத்துகளும் ஊறியிருந்தன. அவர் வைத்திருந்த மூன்று சின்னங்கள் இந்த வரிசையைக் காட்டுகின்றன: ஒரு பக்கம் சாய்ந்த நிலை, இரு பாதியும் ஒன்றாகிப் பாயும் நிலை, உருவமற்ற நிலை. மூன்றாவதில் போய் நேராகச் சேர முடியாது.

கழிப்பதை நடைமுறையில் எப்படிச் செய்வது? வாரம் ஒரு முறை எதிர்ப்போடு கூடிய ஸ்பாரிங், பாதி பலத்தில், 3 நிமிடம் வீதம் நாலு ரவுண்டு. முடிந்ததும் ஒரு நோட்டில் மூன்று பத்திகள்: எது பட்டது, எது படவில்லை, எதை முயலவே இல்லை. வெவ்வேறு உடல்வாகு உள்ள குறைந்தது மூன்று பேரோடு ஆடியிருக்க வேண்டும். ஒரே ஆளோடு ஆடினால் அந்த ஆளுக்கான ஸ்டைல்தான் உருவாகும். மூன்று மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். 'முயலவே இல்லை' பத்தியில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு அடுத்த மூன்று மாதம் பயிற்சி நேரம் கொடுக்காதீர்கள். 'படவில்லை' பத்தியில் இருப்பதை உடனே தூக்கி எறியாதீர்கள்; அடி தவறா, தூரம் தவறா என்று மிட் பயிற்சியில் ஒரு முறை சோதியுங்கள். பெரும்பாலும் தூரம்தான்.

இப்படிச் செய்யும்போது ஆளுக்கு ஆள் விளைவு மாறுவதைக் காணலாம். உயரமான, கை நீண்ட ஒருவருக்கு நேர்க்குத்தும் தாழ்வான சைடு கிக்கும் பட்டியலின் மேலே ஏறும். அவர் எல்லோரையும் தள்ளியே நிறுத்திவிடுவார். குட்டையான, தோள் கனத்த ஒருவருக்கு அதே நேர்க்குத்து கதவைத் திறக்கும் வேலையை மட்டும் செய்யும். அடுத்து வரும் ஹூக்கும் உடல் குத்தும்தான் அவருடைய பிழைப்பு. நாற்பதைத் தாண்டி முழங்கால் வலியோடு வருபவர் முன்னால் பாய்வதைக் குறைத்து, தூண்டில் போட்டு எதிராளியை வரவழைக்கப் பழகிக்கொள்வார். மூவருக்கும் தொடக்கம் அதே சாக்பீஸ் கோடும் தொங்கும் தாளும்தான். மூவரையும் ஒரே மாதிரி ஆட வைக்கும் ஆசிரியர் லீயின் அசைவுகளை நகலெடுக்கிறார். கோட்டையும் தாளையும் தாண்டிக் குதித்து நேராகச் 'சுதந்திர'த்துக்கு அழைத்துப் போகும் ஆசிரியரிடம் கற்றவர்களை, முதல் முறை கிளவுஸ் மாட்டிய ஆறு மாத பாக்ஸிங் மாணவரே ஜாபால் நிறுத்திவிடுவார்.